திண்ணையும் பரணும்: ஒரு பழைய கால்குலேட்டரின் நினைவகம்

கேள்வி:

ஐயா, கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். கணவர் ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் உதவித்தொகை பெற்று, உதகையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) என்ற சர்வதேசப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். வரும் மே மாதம் இறுதித் தேர்வு. இந்தப் படிப்புக்கு வரைபடம் காட்டும் கால்குலேட்டர் கட்டாயம் என்றார்கள். புதியது வாங்க வசதியில்லாமல், 2024 மே மாதம் தேர்வு எழுதி வெளியேறிய மாணவர் ஒருவரிடமிருந்து அவருடைய டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரை நான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தோம்.

ஜனவரியில் நடந்த மாதிரித் தேர்வில், கணிதம் இரண்டாம் தாளுக்கு முன் எல்லோரையும் நினைவகத்தை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவளும் அழித்ததாகச் சொல்கிறாள். தேர்வு பாதியில் இருக்கும்போது கண்காணிப்பாளர் ஒருவர் கருவியை வாங்கிப் பார்த்ததில் ஏழு நிரல்கள் (புரோகிராம்கள்) இருந்திருக்கின்றன. ஒன்று, இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. ஐந்து, இயற்பியல் குறிப்புகள். அவற்றில் இரண்டு 'ஆப்ஷன் டி' என்ற தலைப்பில் விண்மீன்களைப் பற்றியவையாம். ஏழாவது, நினைவகம் அழிக்கப்பட்டுவிட்டது என்று திரையில் பொய்யாகக் காட்டும் நிரல். இந்த ஏழாவதால்தான் பள்ளி கடுமையாகப் பார்க்கிறது. கருவி இப்போது அவர்களிடம் இருக்கிறது. அடுத்த வாரம் விசாரணை. மகள் தனக்கு எதுவும் தெரியாது என்று அழுகிறாள்.

தெரியாமல் வைத்திருந்தாலும் அது காப்பி அடித்ததாகுமா? இவ்வளவு அஞ்சுகிறவர்கள் இந்தக் கருவியை ஏன் கட்டாயமாக்குகிறார்கள்? என் மூத்த மகன் அரசுப் பள்ளியில் கால்குலேட்டரைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். விற்ற மாணவர் மீது புகார் கொடுக்கலாமா?

— ஒரு தாய், நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

தங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால்குலேட்டரில் உள்ள எதையும் இப்போது யாரும் அழிக்கக் கூடாது. "பழையதை எல்லாம் அழித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்" என்று பள்ளி நல்லெண்ணத்தோடு சொன்னாலும், விசாரணை முடியும்வரை அது இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மகளைக் குற்றம் சாட்டுவதற்குக் காரணமாக இருக்கும் அதே ஏழு நிரல்களில்தான் அவளுக்கான சாட்சியமும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் கருவியின் நினைவகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டிஐ-84 பிளஸ் வகையில் நினைவகம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. அன்றாடக் கணக்குகள் நடக்கும் ரேம் ஒன்று. இது ஏறத்தாழ 24 கிலோபைட். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியவற்றைப் போட்டு வைக்கும் ஆர்க்கைவ் மற்றொன்று. இது 480 கிலோபைட். நம் பழைய வீடுகளின் திண்ணையையும் பரணையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையை எத்தனை முறை கூட்டினாலும் பரணில் ஏற்றி வைத்த பித்தளைப் பாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதுபோல 'ரேம்' என்ற தலைப்பின் கீழ் உள்ள அழிப்புக் கட்டளை ரேமை மட்டுமே துடைக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் ஆர்க்கைவில் உள்ளது போகாது. அதற்குப் பக்கத்திலேயே ஆர்க்கைவுக்கென ஒரு கட்டளையும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டளையும் உள்ளன. தேர்வு அறை வாசலில் அவசரமாக "ரீசெட் செய்யுங்கள்" என்று சொல்லும்போது பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதை மட்டும் அழுத்திவிட்டு உள்ளே போகிறார்கள். திரையில் 'ரேம் கிளியர்டு' என்று வருகிறது, ஆசிரியரும் தலையசைக்கிறார். அந்தச் சொற்றொடரில் ரேம் என்றுதான் இருக்கிறது, நினைவகம் முழுவதும் என்று இல்லை என்பதை யாரும் நின்று படிப்பதில்லை.

ஆர்க்கைவில் உள்ள ஒரு நிரலின் பெயருக்கு இடப்பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். ரேமில் உள்ளதற்கு இருக்காது. விசாரணையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அந்த ஏழு பெயர்களுக்கும் நட்சத்திரக் குறி இருந்து, ரேமில் வேறு நிரல் எதுவும் இல்லையென்றால், தங்கள் மகள் ரேமை உண்மையிலேயே அழித்திருக்கிறாள் என்ற அவள் கூற்றோடு அது பொருந்துகிறது. மேலும் ஒன்று: ஆர்க்கைவில் இருக்கும் நிரலை அங்கிருந்தபடியே இயக்க முடியாது. இயக்க முயன்றால் கருவி பிழைச் செய்தி காட்டும். முதலில் ரேமுக்கு இறக்கியாக வேண்டும். ஆகவே பொய்ச் செய்தி காட்டும் அந்த ஏழாவது நிரலும் நட்சத்திரக் குறியுடன் பரணில்தான் கிடந்தது என்றால், அன்று காலை அவள் ஆசிரியருக்குக் காட்டியது அந்தப் பொய்த் திரையாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. பள்ளி அந்தப் பட்டியலைத் தங்கள் மகளின் முன்னிலையிலேயே மீண்டும் திறந்து, நினைவக மேலாண்மைத் திரையைப் படம் எடுத்து, விசாரணைக் கோப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. முறையான விசாரணை செய்கிறவர்கள் மறுக்கவும் மாட்டார்கள்.

நேர்மையாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பைப் பரணில் ஏற்றுகிறவர், ரேமை அழித்தாலும் அது தப்பிக்க வேண்டும் என்று எண்ணியே ஏற்றியிருக்கக் கூடும் என்று பள்ளி வாதிடலாம். அந்த வாதம் சரியானதே. ஆனால் ஏற்றியது யார்? இந்த வகைக் கால்குலேட்டர் தன் நிரல்களுக்குத் தேதி எதையும் பதிந்து வைப்பதில்லை. எந்த நாளில் எழுதப்பட்டது என்று கருவியிடம் கேட்டு அறிய வழியில்லை. இந்த இடத்தில்தான் தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு சொல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: 'ஆப்ஷன் டி'.

ஐ.பி. இயற்பியலின் பழைய பாடத்திட்டத்தில், பொதுவான பாடங்கள் போக, ஏ, பி, சி, டி என்று நான்கு விருப்பப் பகுதிகள் இருந்தன. சார்பியல், பொறியியல் இயற்பியல், பிம்பவியல், விண்ணியற்பியல் என்பவை அவை. மாணவர்கள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். விண்ணியற்பியல்தான் ஆப்ஷன் டி. அந்தத் திட்டத்தில் தேர்வு நடந்த கடைசி ஆண்டு 2024. 2025 முதல் தேர்வுக்கு வந்துள்ள புதிய பாடத்திட்டத்தில் விருப்பப் பகுதி என்பதே கிடையாது. பாடம் முழுவதும் ஐந்து கருப்பொருள்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. தங்கள் மகள் 2026-இல் எழுதப்போகும் தேர்வில் ஆப்ஷன் டி என்று ஒன்று இல்லை. தனக்கு இல்லாத பாடத்துக்கு, எழுத்துக்கு எழுத்து அந்தச் சின்னஞ்சிறு விசைகளைத் தட்டி, எந்தப் பிள்ளையும் குறிப்பு எழுதி வைக்க மாட்டாள். கருவியை விற்றவர் 2024 மே மாதம் தேர்வு எழுதியவர் என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் அந்த ஐந்து குறிப்புகளையும் படித்துப் பார்த்து, எது எந்தப் பாடத்திட்டத்துக்கு உரியது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் போதும்.

ஆனால் இதனால் நிறுவப்படுவது, எழுதியவர் அவளில்லை என்பது மட்டும்தான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கையில் வைத்திருந்தவள், பட்டியலை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லையா என்ற கேள்விக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பார்த்திருந்தால், பார்த்தேன் என்றே சொல்லட்டும். பதினேழு வயதில் ஒரு கருவியில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டுவிடுவது இயல்பு. அதைப் பற்றிப் பொய் சொன்னால் அந்த இயல்பான கவனக்குறைவு வேறொன்றாக மாறிவிடும். முப்பத்தொரு ஆண்டுகள் மலைப்பள்ளிகளில் கணிதம் கற்பித்து, அதில் பாதிக் காலம் தேர்வு ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விசாரணை மேசையில் எங்களை இறுக்கமாக்கியது பெரும்பாலும் முதலில் நடந்த தவறாக இருந்ததில்லை, இரண்டாவதாக வந்த விளக்கமாகவே இருந்தது.

அந்தப் பொய்த்திரை நிரலைப் பற்றி எனக்கு ஓர் அனுபவம் உண்டு. அதைச் சொன்னால் பள்ளி ஏன் இவ்வளவு பதறுகிறது என்பது தங்களுக்குப் புரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மார்ச் மாதத்துக் காலை ஒன்று. சன்னல் கண்ணாடியில் மூடுபனி படிந்து வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. பதினெட்டுப் பிள்ளைகள், மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஒவ்வொரு திரையையும் பார்த்தேன். பதினெட்டிலும் 'ரேம் கிளியர்டு' என்றிருந்தது. திருப்தியாக வினாத்தாளைக் கொடுத்தேன். அன்று இரவு படுத்த பிறகு, மூன்றாவது வரிசையில் ஒரு திரையில் அந்தச் சொற்களுக்குக் கீழே வலது ஓரத்தில் 'டன்' என்று ஒரு சின்னச் சொல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கருவியில் ஒரு நிரல் ஓடி முடிந்தால் வரும் சொல் அது. நினைவகத்தை உண்மையாக அழிக்கும்போது அது வராது. எழுந்து உட்கார்ந்தேன். தேர்வு முடிந்து விடைத்தாள்களும் கட்டப்பட்டுவிட்டன; கையில் சாட்சியம் ஒன்றும் இல்லை. அந்தப் பையனை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அதற்குப் பிறகு திரையில் வரும் செய்தியை நம்பாமல், கருவியைக் கையில் வாங்கி நிரல் பட்டியலை நானே திறந்து பார்க்கத் தொடங்கினேன். தங்கள் மகளின் கண்காணிப்பாளர் செய்ததும் அதுதான். அவர்மீது எனக்குக் குறையில்லை. தேர்வு தொடங்குவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்பது மட்டும்தான்.

இனி, தெரியாமல் வைத்திருந்தால் காப்பி அடித்ததாகுமா என்ற கேள்வி. அன்றாடப் பேச்சில் ஆகாது. தேர்வு விதியின் மொழியில், ஆகக் கூடும். அனுமதிக்கப்படாத பொருளைத் தேர்வு அறைக்குள் வைத்திருப்பதே முறைகேடு என்பதுதான் அநேகமாக எல்லாத் தேர்வு அமைப்புகளின் விதியும். அதைப் பயன்படுத்தினாரா, அது அன்றைய தாளுக்கு உதவக் கூடியதா என்பதெல்லாம் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது எழும் கேள்விகள். பொதுத் தேர்வில் சட்டைப்பையில் பிட்டு இருந்து பறக்கும் படையிடம் சிக்கியவன், "இது வேறு பாடத்துக்கு உரியது" என்று சொல்லித் தப்பிக்க முடியாததைப் போலத்தான். கணிதத் தாளில் இயற்பியல் குறிப்பு எதற்கும் உதவாது என்பது உண்மை. ஆனால் அது வாதத்தின் கடைசியில் வர வேண்டியது, முதலில் அல்ல.

ஆறுதலான செய்தி, இது மாதிரித் தேர்வு என்பது. மாதிரித் தேர்வு பள்ளியின் சொந்த ஏற்பாடு. அதில் நடந்தது பள்ளியின் ஒழுங்கு விதிகளின்படி பள்ளிக்குள்ளேயே தீர்க்கப்படும். இதே நிலை மே மாதத்தில் நேர்ந்திருந்தால் பள்ளி அதை ஐ.பி. அமைப்புக்கு அறிக்கையாக அனுப்பியாக வேண்டும். முறைகேடு உறுதியானால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே வழங்காமல் விடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஒரு பாடத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் பட்டயமும் இல்லை. அந்த வகையில் ஜனவரியிலேயே இது வெளிப்பட்டது நல்லதற்கே என்று நான் சொன்னால், இப்போதைய மனநிலையில் தங்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

விசாரணைக்கு மகள் தன் கைப்பட ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதட்டும். எப்போது, எந்த நிலையில், எவ்வளவுக்கு வாங்கியது. வாங்கியதும் என்ன செய்தாள், எதைப் பார்க்கத் தவறினாள். தேர்வு நாளன்று எந்தக் கட்டளையை அழுத்தினாள், திரையில் என்ன வந்தது. இவ்வளவு போதும். "நான் நேர்மையானவள்", "என் குடும்பம் கஷ்டப்படுகிறது" போன்ற வரிகள் வேண்டாம். அவை உண்மையாகவே இருந்தாலும், நடந்ததை மறைக்க எழுதியவைபோல் தோன்றும். ஆர்க்கைவையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்று தேர்வுக்கு முன் எழுத்தில் சொல்லப்பட்டதா என்று பள்ளியிடம் பணிவாகக் கேட்கலாம். சொல்லப்படவில்லை என்றால் பொறுப்பில் ஒரு பங்கு பள்ளிக்கும் வந்துவிடுகிறது.

தங்கள் இரண்டாவது கேள்வி, அஞ்சுகிறவர்கள் ஏன் கட்டாயமாக்குகிறார்கள் என்பது, உண்மையில் ஐம்பது ஆண்டுப் பழமையான கேள்வி. எச்.பி. நிறுவனம் 1972-இல் சட்டைப்பைக்குள் அடங்கும் அறிவியல் கால்குலேட்டரையும், இரண்டே ஆண்டுகளில், 1974-இல், நிரல் ஏற்றக்கூடிய எச்.பி-65 என்ற கையடக்கக் கருவியையும் கொண்டுவந்தது. 1985-இல் காசியோவின் எஃப்எக்ஸ்-7000ஜி வரைபடத்தையும் திரையில் போட்டுக் காட்டியது. மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்த தலைமுறைக்கு இது பெரும் விடுதலை. ஒரு சார்பின் வரைபடம் எப்படி வளைகிறது என்று மாணவன் கண்ணால் பார்க்கலாம்; கணக்கிடும் நேரத்தைச் சிந்திக்கச் செலவிடலாம். அதற்காகத்தான் ஐ.பி. அதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கியது. நம் மலைகளுக்கு இது புதிதும் அல்ல. இந்தியாவிலேயே முதலில் ஐ.பி. படிப்பு வந்தது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிக்கு, 1976-இல். ஆனால் நிரலை ஏற்றிக்கொள்ளும் நினைவகம், பாடக் குறிப்பையும் ஏற்றிக்கொள்ளும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதை ஒவ்வொரு தேர்வு அமைப்பும் தன் போக்கில் எதிர்கொள்கிறது. தங்கள் மூத்த மகனுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை என்றால், அவன் எழுதிய தாள்கள் அப்படி அமைக்கப்பட்டவை; ஜே.இ.இ. தேர்விலும் கால்குலேட்டர் கிடையாது. அவனே பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தால், நிரல் ஏற்ற முடியாத அறிவியல் கால்குலேட்டர் மட்டும் என்ற விதியைச் சந்தித்திருப்பான். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டரைத் தந்து, வெளிக்கருவியைத் தடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அதுதான். பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் 2025 முதல் கால்குலேட்டர் இல்லாத தாள் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டார்கள். ஐ.பி.யின் அனலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் என்ற கணிதப் பிரிவிலும் முதல் தாள் அப்படியே. ஹாங்காங்கில் நிலைமை தலைகீழ்: தேர்வு ஆணையத்தின் ஒப்புதல் முத்திரை பொறித்த கருவிகளில் நிரல் ஏற்றக்கூடியவையும் உண்டு, மாணவர்கள் வெளிப்படையாகவே நிரல் எழுதி எடுத்துச் செல்கிறார்கள். ஒரே செயல் ஓர் ஊரில் திறமை, இன்னோர் ஊரில் முறைகேடு. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலைத் தானே யோசித்து எழுதிய மாணவிக்கு அந்தச் சூத்திரத்தை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வகுப்பில் அதை எழுதச் சொல்லிப் பாராட்டியும் இருக்கிறேன். ஆனால் தேர்வு அறைக்குள் அந்த நிரலை எழுதியவரும் நகலெடுத்தவரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். விதி இருவரையும் பிரித்துப் பார்க்க முடியாததால் இருவரையும் தடுக்கிறது.

விதியின் நோக்கத்தை நான் ஏற்கிறேன். அது செயல்படும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புதிய கருவியை உறை பிரித்து வாங்கும் பிள்ளையின் ஆர்க்கைவில் யாருடைய குறிப்பும் இருக்காது. டிஐ-84 பிளஸின் புதிய வகைகள் சிலவற்றில், தேர்வுநிலைக்கு (தேர்வுக்காக நிரல்களை முடக்கிவைக்கும் நிலைக்கு) மாற்றினால் தலைப்பகுதியில் ஒரு சிறு விளக்கு மின்னும். ஆசிரியர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். பழையதை வாங்கும் பிள்ளைக்கு முந்தையவரின் இரண்டு ஆண்டு வாழ்க்கையும் சேர்ந்தே வருகிறது. உதவித்தொகையில் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி, அவர்கள் பழைய கருவி வாங்குவார்கள் என்பதையும் எதிர்பார்த்து, வாங்கிய வாரத்திலேயே கணித ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து அதைத் துடைத்துத் தர ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. விசாரணையில் பள்ளி தங்கள் கருத்தைக் கேட்டால், குற்றச்சாட்டாக இல்லாமல் வேண்டுகோளாக இதைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்காவது உதவும்.

விசாரணை முடிந்து கருவி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை சில. முதலில், அந்த வகை இந்த ஆண்டுத் தேர்வுக்கு ஏற்கப்படுகிறதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளட்டும். பிறகு, ஓர் ஆசிரியரின் முன்னிலையில், 'ஆல்' என்ற மூன்றாவது தலைப்பின் கீழ் உள்ள கட்டளையால் ரேம், ஆர்க்கைவ் இரண்டையும் அழிக்கட்டும். இதில் கூடுதல் செயலிகளும் போய்விடும். அவற்றுள் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டு, தேவையானதை மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதன் பின் தேர்வுநிலையைப் பழக வேண்டும்: கருவியை அணைத்துவிட்டு, இட அம்பு, வல அம்பு, ஆன் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்த நிலை வரும். இயங்குதளம் மிகப் பழையதாக இருந்தால் வராது. பள்ளிக் கணினியில் புதுப்பித்துக்கொள்ளலாம். தேர்வுநிலையில் நிரல்கள் முடங்கிவிடும். இன்னொரு கருவியோடோ கணினியோடோ கம்பியால் இணைத்தால்தான் அதிலிருந்து வெளியே வர முடியும் என்பதால் அறைக்குள் அதை ரகசியமாக விலக்குவது எளிதன்று.

பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நினைவகத்தை அழித்ததும் கருவி தன் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். கோணத்தின் அளவு ரேடியன் என்ற அலகுக்குப் போய்விடும். பாகையில் கணக்கிட்டுப் பழகியவள் முக்கோணவியல் கணக்கு முழுவதையும் தவறாகப் போடுவாள். இரு மாறிகளுக்கு இடையிலான தொடர்பைக் கண்டறியும்போது ஒட்டுறவுக் கெழு திரையில் வராது. அதற்கான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். தேர்வுநிலைக்குள் நுழையும் திரையிலேயே இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். இனி மே மாதம்வரை வீட்டில் போடும் ஒவ்வொரு இரண்டாம் தாளையும் தேர்வுநிலையிலேயே போடட்டும். அன்று எதுவும் புதிதாகத் தோன்றக் கூடாது. புதிய பேட்டரி நான்கு போட்டு, இன்னும் நான்கு கையில் வைத்திருக்கட்டும். மலைக்குளிரில் பழைய பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது தங்களுக்கு டார்ச் விளக்கிலேயே தெரிந்திருக்கும். கருவியின் வழுக்கு மூடியின் உட்புறத்தையும் ஒரு முறை பாருங்கள். முந்தையவர் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நான் என் பணிக்காலத்தில் நிரலாகப் பிடித்ததைவிட மூடியில் பிடித்தவையே அதிகம்.

விற்ற மாணவர்மீது புகார் வேண்டாம். அவர் செய்தது, விற்பதற்கு முன் துடைக்காமல் விட்டது. அதைத் தவிர வேறு எதையும் தங்களால் நிறுவ முடியாது, நிறுவத் தேவையும் இல்லை. புகார் என்று தெரிந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். அவரிடமிருந்து தங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு மின்னஞ்சல்: இந்தக் கால்குலேட்டரை இந்த மாதத்தில் இவருக்கு விற்றேன், விற்கும்போது அதன் நினைவகத்தை நான் அழிக்கவில்லை, அதிலிருந்த இயற்பியல் குறிப்புகள் என் படிப்புக் காலத்தவை என்ற மூன்று வரிகள். தேர்வில் பயன்படுத்தினாரா என்று யாரும் அவரைக் கேட்க வேண்டாம். தங்கள் மகளே அவருக்கு மரியாதையாக எழுதிக் கேட்கட்டும். பதில் தங்களுக்கு வராமல் நேராகப் பள்ளியின் தேர்வு ஒருங்கிணைப்பாளருக்கே போகும்படி கேட்டுக்கொள்வது நல்லது. விசாரணை அடுத்த வாரம் என்கிறீர்கள். இன்றே எழுதினால் நேரம் இருக்கிறது.